கண்ணால் ஓடும் நாயா, மூக்கால் போகும் நாயா? வேட்டை இனங்களைப் பிரித்தறிவது எப்படி

காவலுக்கென்று சிப்பிப்பாறைக் குட்டி வாங்கிக் கட்டுத்தரை ஓரம் சங்கிலி போட்டுவிட்டு, “ஆள் வந்தாக் குலைக்கவே மாட்டேங்குதுங்க” என்று குறைப்படுகிறவர்கள் காங்கேயம், தாராபுரம் பக்கம் நிறையப் பேர். கோவையில் அடுக்குமாடி வீட்டில் பீகிள் வளர்த்து, “ஓயாம ஊளையிடுதுங்க, பக்கத்து வீட்ல சண்டைக்கு வர்றாங்க” என்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு நாயிடமும் குறை இல்லை. எந்த வேலைக்காக உருவான உடம்பு என்று பார்க்காமல், பேரையும் நிறத்தையும் பார்த்து வாங்கியதுதான் குறை. வேட்டை நாயை வகை பிரிக்கத் தெரிந்தால் கழுத்துப்பட்டையின் அகலம் முதல் மயக்க மருந்து வரை பல முடிவுகள் தானாக வந்துவிடும்.

வேட்டை ஒரு வேலை அல்ல

தேடுவது, கண்டதும் உறைந்து நிற்பது, கிளப்புவது, துரத்துவது, மடக்கி நின்று குரல் கொடுப்பது, கவ்வுவது, கொல்வது, செத்ததைத் தூக்கி வருவது என்று வேட்டை ஒரு நீண்ட சங்கிலி. ஓநாயிடம் இந்தச் சங்கிலி ஏறக்குறைய முழுசாக இருக்கிறது. மனிதன் ஒவ்வோர் இனத்திலும் ஒன்றிரண்டு கண்ணிகளை மட்டும் தடிக்கவைத்து, மற்றவற்றை மெலியவைத்தான். எந்தக் கண்ணி தடித்திருக்கிறது என்பதுதான் வகை. நிறம், முடி, காது எல்லாம் அதற்குப் பிறகு.

முதல் வகை, பார்த்துத் துரத்தும் நாய். இன நாய் வளர்க்கும் கென்னல்காரர்கள் சைட்ஹவுண்ட் என்பார்கள். கிரேஹவுண்ட், விப்பெட், சலூக்கி, ஆப்கான் ஹவுண்ட், நம் நாட்டில் சிப்பிப்பாறை, கன்னி, முதோல், ராம்பூர் எல்லாம் இதில் வரும். மண்டை நீண்டு கண்கள் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் தலையைத் திருப்பாமலே சுமார் 270 பாகை அளவுக்குப் பார்க்கும். ஓடும்போது ஒரு பாய்ச்சலுக்குள் இரண்டு முறை நான்கு காலும் தரையை விட்டு எழும்: ஒரு முறை உடம்பை முழுதாக நீட்டி, ஒரு முறை வில்லாக வளைத்து. கிரேஹவுண்ட் மணிக்கு 65 முதல் 70 கிலோமீட்டர் வேகம் தொடுவது இப்படித்தான். ஆனால் அந்த வேகம் அரை நிமிஷத்துச் சமாச்சாரம். மிச்ச நேரம் படுத்துத் தூங்கும். சத்தம் போடாது, போட்டால் இரை உஷாராகிவிடும். ஓடத் தொடங்கியபின் ஆளைத் திரும்பிப் பார்க்காது; அந்த வேகத்தில் ஆள் கூட வரவே முடியாது என்பதால் தானாக முடிவெடுக்கும் நாயைத்தான் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வைத்திருக்கிறார்கள். “சொன்ன பேச்சு கேக்கறதில்ல” என்று திட்டுவது இந்தக் குணத்தைத்தான்.

இரண்டாவது, மோந்து தொடரும் நாய், சென்ட்ஹவுண்ட். ப்ளட்ஹவுண்ட், பீகிள், பாசெட், ஃபாக்ஸ்ஹவுண்ட். மனித மூக்கில் மணம் பிடிக்கும் செல்கள் ஐம்பது, அறுபது லட்சம் என்றால் ப்ளட்ஹவுண்டுக்கு 30 கோடி அளவில் சொல்வார்கள். வேகம் குறைவு, தாங்கும் சக்தி அதிகம். பின்னால் நடந்தோ குதிரையிலோ வரும் வேட்டைக்காரனுக்கு நாய் எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமே, அதனால் உரக்கக் குரல் கொடுக்கும். அடுக்குமாடியில் சண்டை வருவதற்குக் காரணம் இந்தக் குரல். கூட்டமாக வேட்டையாடப் பழக்கிய இனங்கள் என்பதால் மற்ற நாயோடும் புதிய ஆளோடும் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். பீகிளைக் காவலுக்கு வைப்பது வீண்.

மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்க்கலாம். டெரியர்கள் வளைக்குள் புகுந்து எலியையும் நரியையும் பிடிக்க வந்தவை. ‘டெரா’ என்றால் லத்தீனில் மண். டாக்ஸ்ஹுண்டும் வளை நாய்தான், ஜெர்மனில் ‘டாக்ஸ்’ என்பது வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்ற விலங்கு. இந்த இனத்தின் மூன்று அளவுகளையும் எஃப்சிஐ என்ற உலக நாய்க் கழகக் கூட்டமைப்பு உயரத்தை வைத்துப் பிரிப்பதில்லை, மார்புச் சுற்றளவை வைத்துப் பிரிக்கிறது. வளைக்குள் நுழைய முடியுமா என்பதை மார்புதானே முடிவு செய்கிறது! பாயின்டர், செட்டர், ஸ்பானியல், ரெட்ரீவர் எல்லாம் துப்பாக்கி வேட்டைக்குத் துணை போகும் கூட்டம்; பறவை இருக்கும் இடத்தைக் காட்டும், கிளப்பும், சுட்டு விழுந்ததை வாயில் நோகாமல் தூக்கி வரும். வீட்டுக்கு வீடு வளரும் லாப்ரடாரும் வேட்டை நாய்தான், சங்கிலியின் கடைசிக் கண்ணி மட்டும் தடித்த நாய். செருப்பை வாயில் கவ்விக்கொண்டே திரிவது அதனால்தான்.

கென்னல் அட்டவணையைப் படிக்கும்போது

1911இல் தொடங்கிய எஃப்சிஐ, பெல்ஜியத்தில் இருந்து இயங்கும் உலகக் கூட்டமைப்பு, இனங்களைப் பத்துக் குழுவாகப் பிரிக்கிறது. வேட்டை இனங்கள் பெரும்பாலும் வரும் குழுக்கள் இவை: 3 டெரியர், 4 டாக்ஸ்ஹுண்ட் மட்டும், 5 ஸ்பிட்ஸும் ஆதி இனங்களும், 6 மோந்து தொடர்பவை, 7 பாயின்டர்கள், 8 ரெட்ரீவர், ஸ்பானியல், தண்ணீர் நாய்கள், 10 பார்த்துத் துரத்துபவை. 1873இல் தொடங்கிய இங்கிலாந்தின் கென்னல் கிளப்பும் 1884இல் தொடங்கிய அமெரிக்கக் கிளப்பும் 6ஐயும் 10ஐயும் பிரிக்காமல் ‘ஹவுண்ட்’ என்று ஒரே கூடையில் போடுகின்றன. ஒரே நாய் ஒரு புத்தகத்தில் ஒரு குழுவிலும் இன்னொன்றில் வேறு குழுவிலும் இருந்தால் யாரும் தப்பு செய்யவில்லை, கூடை வேறு, அவ்வளவுதான். 1896இல் தொடங்கிய நம் இந்தியக் கென்னல் கிளப், சுருக்கமாகக் கேசிஐ, எஃப்சிஐயோடு இணைந்தது என்பதால் இங்கே கண்காட்சிக்குப் போகிறவர்கள் எண் குழுவையே நினைவில் வைத்தால் போதும்.

பேரை நம்பக் கூடாது. ‘ஹவுண்ட்’ என்பது பழைய ஆங்கிலத்தில் வெறும் ‘நாய்’. ஜெர்மனில் இன்றும் ‘ஹுண்ட்’ என்றால் நாய். ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட் கண்ணால் ஓடும் நாய், ஆட்டர்ஹவுண்ட் மூக்கால் போகும் நாய், நார்வே நாட்டு எல்க்ஹவுண்ட் குத்துக்காதும் சுருட்டு வாலும் கொண்ட ஸ்பிட்ஸ். ஹவுண்ட் என்று பேரே இல்லாத டால்மேஷன் எஃப்சிஐ கணக்கில் மோந்து தொடர்பவற்றின் உறவாக 6ஆம் குழுவில் இருக்கிறது.

உடம்பைப் படிக்கும் முறை

காலையில் தீனி வைப்பதற்கு முன், நாயை நிழலில் சமதரையில் பக்கவாட்டாக நிறுத்துங்கள். தையல் டேப் ஒன்று போதும். மாட்டுக்குப் பார்ப்பது போலவே முதலில் தள்ளி நின்று மொத்த வடிவத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் கை வையுங்கள்.

மார்பும் வயிறும்தான் முதல் சாட்சி. கண் நாயின் நெஞ்சுக்கூடு ஆழமாக இறங்கி முன்னங்காலின் முழங்கை மூட்டை எட்டும் அல்லது நெருங்கும். அங்கிருந்து வயிற்றுக்கோடு சட்டென்று மேலேறி இடுப்பில் ஒட்டிக்கொள்ளும். மூக்கு நாயின் விலாக்கூடு பின்னால் வரை நீண்டு போகும், வயிற்றுக்கோடு ஏறக்குறைய தரைக்கு இணையாக ஓடும். வேகத்துக்கு ஆழமான நெஞ்சு, நாள் முழுக்க நடப்பதற்கு நீளமான நெஞ்சு.

அடுத்து தலை. மேலிருந்து பாருங்கள். கண் நாய்க்கு ஆப்பு மாதிரி ஒடுங்கிப் போகும். நெற்றிக்கும் மூக்குத்தண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய படி கைக்குத் தட்டுப்படவே தட்டுப்படாது. மூக்கு நாய்க்குப் படி தெளிவாக இருக்கும், மூக்குத் துவாரம் அகலம், உதடு தொங்கும். காது கண் நாய்க்குப் பெரும்பாலும் சிறியது, மெல்லியது, பின்னால் மடிந்து கழுத்தோடு ஒட்டும். மூக்கு நாய்க்குக் கண் மட்டத்திலோ அதற்குக் கீழேயோ வேர் வைத்துத் தொங்கும். பாதத்தில் நடு விரல் இரண்டும் முயல் பாதம் போல நீண்டிருப்பது கண் நாய்களிடம் அதிகம். ஃபாக்ஸ்ஹவுண்ட் போன்ற நெடுநடை நாய்க்கு பூனைப் பாதம் போல உருண்டையாக இருக்கும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்று. பட்டினி கிடந்த தெருநாயைச் சிப்பிப்பாறை என்று நினைப்பது, அல்லது நல்ல சிப்பிப்பாறையைப் பார்த்து “சோறே போடறதில்லையா” என்று கேட்பது. முதுகெலும்பின் இரு பக்கமும் விரலை ஓட்டிப் பாருங்கள். கண் நாய்க்குக் கடைசி இரண்டு மூன்று விலா தெரியலாம், இடுப்பெலும்பு முனை தெரியலாம், ஆனால் முதுகோரத்திலும் பின்னந்தொடையிலும் சதை கட்டையாக இறுகியிருக்கும். பட்டினி நாய்க்கு முதுகெலும்பு முள் முள்ளாகக் கையில் நெருடும், நெற்றிப்பொட்டு குழிந்திருக்கும், தொடை சப்பையாக இருக்கும். நான்கிலிருந்து எட்டு மாதத்துக் குட்டியை வைத்து முடிவு கட்டவும் வேண்டாம். அந்த வயதில் எல்லாக் குட்டியும் கால் நீண்டு வயிறு ஒட்டித்தான் நிற்கும். பதினைந்து மாதம் ஆனபின் பார்ப்பதே சரி. குட்டி வாங்கும்போது அந்த வசதி இல்லை, அதனால் தாயைப் பாருங்கள். தாயைக் காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

இரண்டு சின்னச் சோதனை

கலப்பு நாயானால் உடம்பு பாதி சொல்லும், மீதியை நடத்தை சொல்லும். முதல் சோதனைக்கு மூன்று மீட்டர் மூங்கில் குச்சி, அதன் நுனியில் மூன்று மீட்டர் கயிறு, கயிற்றின் கடைசியில் வெள்ளை உரச்சாக்குத் துண்டு. தரையில் இழுத்து வேகமாக ஓட்டிக் காட்டி, திடீரென்று நிறுத்துங்கள். கண் நாய் ஓடும்வரை வெறியாகத் துரத்தி, நின்றதும் ஆர்வத்தை விட்டுவிடும். டெரியர் நின்றதையும் பிடித்து உதறும். மூக்கு நாய் நின்ற இடத்துக்கு வந்து நிதானமாக மோந்து பார்க்கும். முப்பது வினாடி வீதம் மூன்று முறை போதும். ஒரு வயதுக்குக் கீழே உள்ள நாயைச் சட்டென்று திரும்பும் வளைவுகளில் ஓடவிட வேண்டாம். எலும்பு வளரும் தட்டு இன்னும் மூடியிருக்காது.

இரண்டாவது, தடச் சோதனை. இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நூறு கிராம் கோழி ஈரலை ஒரு பழைய சாக்ஸில் போட்டுக் கட்டி, இரண்டு மீட்டர் குச்சியின் நுனியில் கயிற்றால் தொங்கவிட்டு, உங்கள் நடைக்குப் பக்கவாட்டில் தரையில் உரசியபடி முப்பது மீட்டர் நடங்கள். இருபதாவது மீட்டரில் ஒரு திருப்பம் வையுங்கள். முடிவில் ஈரல் துண்டை ஒரு மண் சட்டியின் கீழே வைத்துவிட்டு வேறு வழியாகத் திரும்புங்கள். கால் மணி நேரம் கழித்து நாயைக் கொண்டுவந்து தொடக்கத்தில் விடுங்கள். குச்சி இல்லாமல் கையில் இழுத்துக்கொண்டு நடந்தால் நாய் ஈரலைத் தொடராது, உங்கள் காலடி மணத்தைத் தொடரும். பிறகு “அருமையான மூக்கு” என்று நீங்களே ஏமாறுவீர்கள்.

நேரமும் காற்றும் முக்கியம். பனி ஈரம் காயாத காலை ஆறு மணிக்கு மணம் தரையோடு படிந்திருக்கும். பத்து மணிக்குமேல் காய்ந்த செம்மண்ணில் அது எழும்பிப் போய்விடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வீசும் நாட்களில் பல்லடம், உடுமலைப்பேட்டை பக்கம் இந்தச் சோதனையே வேண்டாம். மணம் தடத்தை விட்டுப் பல மீட்டர் கிழக்கே தள்ளிக் கிடக்கும்; தடத்துக்கு இணையாகக் கிழக்கே தள்ளிப் போகும் நாய்தான் சரியாக மோந்து போகிறது, பார்ப்பவருக்கு அது தடுமாறுவது போலத் தெரியும்.

மூக்கைத் தரையில் வைத்து, திருப்பத்தில் கொஞ்சம் தாண்டிப்போய் வட்டமடித்துத் திரும்பி வருவது மூக்கு நாய். தலையைத் தூக்கிக் காற்றில் மோந்து நேராகச் சட்டிக்குப் போவது ஸ்பானியல், பாயின்டர் பக்கத்து ரத்தம். நான்கு அடி போய்விட்டுத் தலை நிமிர்ந்து தொலைவில் அசையும் ஆட்டைப் பார்ப்பது கண் நாய். வெவ்வேறு நாளில் மூன்று முறை செய்து, இரண்டு முறை ஒத்து வந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்து இனங்கள் எங்கே நிற்கின்றன

சிப்பிப்பாறையும் கன்னியும் சந்தேகமில்லாத கண் நாய்கள். விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிச் சீமைக் கரிசல் காட்டில், தடுக்க மரமில்லாத வெட்டவெளியில் முயல் துரத்த உருவானவை. கன்னி என்றால் பெரும்பாலும் கறுப்பு உடம்பு, புருவத்திலும் முகத்திலும் காலிலும் தேன் நிறம். மற்ற நிறங்கள் சிப்பிப்பாறைக் கணக்கில் போகும். முதோல் கர்நாடகத்தின் பாகல்கோட்டைப் பக்கத்து நாய், அதுவும் கண் நாயே.

ராஜபாளையம் நடுவில் நிற்கும். 65 முதல் 75 செ.மீ. உயரம், பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. கண் நாயின் மார்பும் வயிறும் உண்டு, எலும்பு தடிமன். பன்றி மடக்கவும் காவலுக்கும் வைத்திருந்த நாய் என்பதால் ஆளைத் தடுத்து நிற்கும் குணம் சிப்பிப்பாறையைவிட இதற்குக் கூடுதல். வெள்ளை நிறத்தோடு காது கேளாமையும் சில குட்டிகளில் சேர்ந்து வரும். வாங்கும் முன் குட்டி தூங்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். கையைத் தட்ட வேண்டாம், காற்று பட்டு விழித்துவிடும். மற்றக் குட்டிகளை விலக்கிவிட்டுத் தனியாக வைத்துச் செய்ய வேண்டும். பக்கத்துக் குட்டி எழுந்தால் செவிட்டுக் குட்டியும் கூட எழும்.

தேனிப் பக்கத்துக் கோம்பை கண் நாயும் இல்லை, மூக்கு நாயும் இல்லை. செவலை உடம்பு, கரிய மூஞ்சி, அகன்ற தாடை, குறுகிய முடி. பிடித்தால் விடாத பன்றி நாய், நல்ல காவல் நாய். கொங்குத் தோட்டத்துச் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, காவல்தான் தேவை என்றால் சிப்பிப்பாறையைவிட இதுவோ, நல்ல உடம்புள்ள நாட்டு நாயோ மேல். காவலும் வேட்டையும் வேறு வேறு தொழில் என்பது நம்மவர்களுக்குப் புதிதில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து, 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்றில் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்ற நாய் பேரோடு செதுக்கப்பட்டிருக்கிறது. அது காவல் நாயின் பெருமை.

தொங்கு காதோடு மூக்கால் மட்டும் தடம் பிடிக்கும் நாட்டு இனம் என்று நம் பக்கம் பேர் பெற்றது எதுவும் இல்லை. “நாட்டு பீகிள்” என்று யாராவது விற்றால் நடையைக் கட்டுங்கள்.

2005இல் அஞ்சல் துறை ராஜபாளையம், முதோல், ராம்பூர், இமயமலை மேய்ப்பு நாய் நான்குக்கும் தபால்தலை வெளியிட்டது. 2020இல் கர்னாலில் உள்ள தேசியக் கால்நடை மரபு வளப் பணியகம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் மூன்றையும் பதிவு பெற்ற இனங்களாகச் சேர்த்தது. கிராக்கி கூடியபோது கிரேஹவுண்ட் கலப்பும் கூடியது. காகிதம் கேளுங்கள், கேசிஐ பதிவில் மைக்ரோசிப் எண் இருக்கும், அது குட்டியின் உடம்பில் படிக்கும் எண்ணோடு பொருந்த வேண்டும். 2017 நாய் இனப்பெருக்க விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது, பதினெட்டு மாதம் ஆகாத பெட்டையைச் சேர்க்கையில் விடக் கூடாது, ஒரு பெட்டைக்கு வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. குட்டியின் காதை வெட்டுவது இன அடையாளம் இல்லை, வதை.

வேட்டைக்கு விடலாமா?

கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2(16) பிரிவு ‘வேட்டை’ என்பதற்குத் தரும் பொருளில், கொல்வது மட்டுமல்ல, நாயை விட்டுத் துரத்துவதும், விரட்டி ஓட்டுவதும், அதற்கு முயல்வதும் அடங்கும். முயல் பிடிபடாவிட்டாலும் குற்றம் குற்றம்தான். பன்றி வெள்ளாமையை அழிக்கிறது, மயில் விதையைக் கிளறுகிறது என்ற வயிற்றெரிச்சல் நியாயமானது. நாயை ஏவுவது அதற்கு வழியில்லை. அந்தியூர், பர்கூர், சத்தியமங்கலம் மலையடிவாரத் தோட்டக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காட்டுக்குள் போய்வரும் நாய் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயையும் வெறிநோயையும் செந்நாய்க்குக் கொண்டுபோய்க் கொடுக்கும். வெளியில் கட்டிய நாயைச் சிறுத்தை தூக்கும். இரவில் கூரையும் கம்பி வலையும் உள்ள அடைப்புதான் சரி. ஓட்ட ஆசைக்குச் சாக்குத் துண்டும், மூக்கு ஆசைக்கு ஈரல் தடமும் போதும், வாரம் மூன்று நாள்.

வகைக்கு ஏற்ற வளர்ப்பு

கண் நாய்க்குக் கழுத்தைவிடத் தலை ஒடுக்கம். சாதாரண வார்ப்பட்டையைப் பின்னால் இழுத்துக் கழற்றிக்கொண்டு போய்விடும். நாலு, ஐந்து செ.மீ. அகலமுள்ள மெத்தைப் பட்டை, இழுத்தால் அளவாக இறுகும் மார்டிங்கேல் வகை வாங்குங்கள். கயிறு இரண்டு மீட்டருக்கு மேல் வேண்டாம். பத்து மீட்டர் கயிற்றில் விட்டால் அந்தத் தூரத்துக்குள் முழு வேகம் எடுத்து, கயிறு தீரும் இடத்தில் கழுத்தெலும்பு அடி வாங்கும். நீளக் கயிறு மூக்கு நாய்க்கு மட்டும், அதுவும் மார்புக் கச்சையில்.

கூப்பிடும் தருணமும் வகைக்கு வகை மாறும். கண் நாயின் காது விறைத்து உடம்பு தாழ்ந்து உறையும் அந்த ஒரு வினாடியில் கூப்பிட்டால் வரும். பாய்ந்தபின் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. மூக்கு நாய் தடத்தில் இருக்கும்போது கேட்பதே இல்லை. முன்னால் போய் நின்று மறித்துத்தான் திருப்ப வேண்டும்.

கொரங்காடு என்னும் நம் மேய்ச்சல் நிலம் கண் நாய்க்கென்றே செய்த மைதானம் போலத் தோன்றும். கொழுக்கட்டைப் புல் வெளி, அங்கங்கே வெள்வேலம், சுற்றிலும் கிளுவை வேலி. ஆனால் மூன்று கண்டம் உண்டு. முதலாவது கிணறு. அறுபது, நூறு அடி ஆழத்தில் கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றை ஓடும் நாய் கடைசி நொடியில்தான் பார்க்கும். நாய் வாங்கும் முன் கிணற்றைச் சுற்றி நாலடி வலை கட்டிவிடுங்கள். இரண்டாவது முள். ஓடி வந்ததும் நான்கு பாதத்திலும் விரலிடுக்கைப் பிரித்துப் பாருங்கள், வெள்வேல முள்ளும் நெருஞ்சியும் உடைந்து உள்ளே நின்றால் சீழ் கட்டும். மூன்றாவது முள்கம்பி. கண் நாயின் தோல் காகிதம் போல மெல்லியது, கொழுப்புப் படலம் குறைவு, கம்பி பட்டால் மடலாகக் கிழிந்து தொங்கும். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்பது கிராம் உப்பு, ஏறக்குறைய ஒன்றரை தேக்கரண்டி, கலந்து கழுவி, நனைத்த சுத்தத் துணியால் மூடி, ஐந்தாறு மணி நேரத்துக்குள் தையல் போடக் கொண்டுபோங்கள். மஞ்சளும் காப்பித்தூளும் அப்பினால் தைக்கும் முன் மருத்துவர் அதைச் சுரண்டியெடுக்க வேண்டியிருக்கும்.

வேலியில் கண் நாய்க்கு உயரம் பார்க்க வேண்டும், ஆறடி. டெரியருக்கும் பீகிளுக்கும் ஆழம் பார்க்க வேண்டும், வலையின் அடியை ஓரடி மண்ணில் புதைக்க வேண்டும். கிளுவை வேலி மட்டும் இரண்டையும் தடுக்காது.

ஆட்டுக்குப் பழக்குவது எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்கள் பட்டியில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்று, விவசாயிகள் வீதிக்கு வந்து போராடிய ஊர்கள் இவை. உங்கள் நாய் அவிழ்ந்து அடுத்த தோட்டத்தில் நின்றாலே பழி அதன்மேல்தான் விழும். எட்டு வாரத்திலிருந்து பதினாறு வாரத்துக்குள், தினம் பத்து நிமிஷம், கயிற்றில் பிடித்தபடி வயதான தாயாட்டின் பக்கத்தில் உட்காரவையுங்கள். ஆட்டைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு வேகவைத்த கறி. குட்டியாட்டின் பக்கம் வேண்டாம், அது துள்ளும், துள்ளினால் நாய்க்கு ஓட்டம் பிறக்கும். ஒரு முறை துரத்தவிட்டால் அந்த ஓட்டமே பரிசாகிவிடுகிறது. அப்புறம் அடித்தாலும் திட்டினாலும் அந்த ருசி போகாது. பெரிய நாயாக வாங்கி வந்து ஆட்டுக்குப் பழக்கலாம் என்று நம்ப வேண்டாம்.

தீனி: 22 கிலோ நாய்க்கு நாளுக்குச் சுமார் 1,100 கலோரி. கம்பு அல்லது ராகி மாவு 200 கிராம் களியாக, எலும்பில்லாத கோழிக்கறி 200 கிராம், முட்டை இரண்டு, கொஞ்சம் கீரை என்றால் அந்தக் கணக்கு வரும். எலும்பு போடாத தீனியில் கால்சியம் பற்றாது, மருத்துவரிடம் அளவு கேட்டுச் சேருங்கள். ஆழ்ந்த நெஞ்சுள்ள நாய்க்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். இரண்டு வேளையாகப் பிரித்து, ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் விட்டு வையுங்கள். வயிறு உப்பி, வாந்தி வராமலே குமட்டிக்கொண்டிருந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம், அந்த இரவே கிளம்ப வேண்டும்.

சித்திரை, வைகாசியில் ஓட்டம் காலை ஏழு மணிக்குள் முடிய வேண்டும். நாயின் இயல்பான சூடு 38 முதல் 39.2 டிகிரி, 41ஐத் தொட்டால் உயிர் ஆபத்து. தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி விசிறியின் முன் நிறுத்துங்கள். ஈரத்துணியைப் போர்த்தி வைத்தால் சூடு உள்ளேயே அடைபடும். 39.5க்கு இறங்கியதும் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும்.

கடைசியாக மருத்துவரிடம் போகும்போது. “இது சைட்ஹவுண்ட்” என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். தயோபென்டோன் வகை மயக்க மருந்தை இந்த உடம்பு மெதுவாகத்தான் வெளியேற்றும், கொழுப்பும் குறைவு, மயக்கம் தெளிய வெகு நேரம் ஆகும். அதற்கு மாற்று மருந்துகள் உண்டு. பெரிய அறுவை என்றால் நாமக்கல் அல்லது உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோவது நல்லது. ரத்தப் பரிசோதனையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கிரேஹவுண்டுக்கு இயல்பிலேயே சிவப்பணு அளவு அதிகம், தட்டணு குறைவு, தைராய்டு அளவும் குறைவு. சாதாரண நாயின் அட்டவணையோடு ஒப்பிட்டால் நீரிழப்பு, உண்ணிக் காய்ச்சல், தைராய்டுக் குறை என்று மூன்று நோய் இல்லாமலே எழுதிவிடலாம். நம் மெலிந்த இனங்களுக்கும் அதே எச்சரிக்கையோடு நடப்பதே நல்லது. ஆகவே நாய் இரண்டு வயதில் நல்ல ஆரோக்கியமாக இருக்கும்போது ஒரு முறை முழு ரத்தப் பரிசோதனை செய்து, அந்தத் தாளைத் தடுப்பூசி அட்டையோடு சேர்த்துப் பின் போட்டு வையுங்கள். பிறகு காய்ச்சல் வரும்போது மருத்துவர் ஒப்பிட வேண்டியது அந்தத் தாளோடுதான்.